உங்கள் சேமிப்பும் மானியம்தான்

அமெரிக்கப் பெருநிறுவனங்கள் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தங்கள் ஊழியர்களிடம் ஒரு கணக்குக் கேட்கும். அடுத்த ஆண்டு குழந்தையின் டேகேர் செலவுக்கென்று சம்பளத்தில் எவ்வளவு பிடித்துவைக்கலாம் என்பது அந்தக் கணக்கு. 'டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். அதில் போடும் பணத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் கிடையாது. 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் மட்டும், அது 10,500 ஆக உயர்ந்து மறு ஆண்டே பழைய இடத்துக்கு இறங்கியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி 2026 முதல் 7,500 டாலர்.

அங்கே கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன. எவ்வளவு போட்டால் எவ்வளவு மிச்சம், எந்த ரசீதை எப்போது அனுப்ப வேண்டும் என்றெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லித்தருகிறார்கள். அந்த அறிவு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் ஓர் ஒப்புதல் இருக்கிறது. அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

இந்தச் சலுகையை வாங்குகிறவர் இரண்டு உண்மைகளை ஏற்றுக்கொள்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்வது கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய உழைப்பு என்பது ஒன்று. அந்தக் கூலியின் ஒரு பங்கைத் தான் மட்டும் சுமக்காமல் நாட்டின் கஜானாவும் சுமக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான உண்மைகள். ஆனால் தனக்கு நியாயமாகப் பட்ட ஒன்றைப் பிறருக்கு மறுக்கிறவர் பகுத்தறிவோடு நடக்கவில்லை. என் வாதம் இவ்வளவுதான். இதை ஏற்றால் நாம் செய்ய வேண்டியவை பல.

வரியில் விட்டதும் கையில் கொடுத்ததும்

"இது என் பணம். நான் உழைத்துச் சம்பாதித்தது. அரசாங்கம் எனக்கு எதையும் தரவில்லை, எடுக்காமல் விட்டது, அவ்வளவுதான்." இந்தச் சலுகையைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பதில் இது. கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது.

ஓர் அரசு 2,000 டாலரை உங்களுக்குக் காசோலையாக அனுப்புகிறது. இன்னோர் அரசு உங்களிடம் வாங்க வேண்டிய வரியில் 2,000 டாலரை விட்டுக்கொடுக்கிறது. உங்கள் கையில் நிற்கும் தொகை இரண்டிலும் ஒன்று. கஜானாவில் விழும் குறையும் ஒன்று. அந்தக் குறையை வேறு யாரோ வரியாகக் கட்டியோ, நாடு கடன் வாங்கியோ நிரப்ப வேண்டும் என்பதும் ஒன்று. பெயர் மட்டும் வேறு. ஒன்றை உதவித்தொகை என்கிறோம், மற்றதைச் சேமிப்பு என்கிறோம்.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஸ்டான்லி சர்ரி. ஹார்வர்டில் வரிச் சட்டம் கற்பித்த பேராசிரியர், 1960களில் அமெரிக்க நிதித்துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர். வரிச் சலுகை என்பது வரிச் சட்டத்துக்குள் மறைத்துவைத்த அரசுச் செலவு என்று 1967இல் பேசத் தொடங்கினார். அப்படிச் செலவாகும் தொகைகளை வரவுசெலவுத் திட்டத்தோடு பட்டியலிட வேண்டும் என்று 1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. டேகேர் கணக்குக்கான விலக்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, இது செலவு என்று அரசே எழுதிவைத்திருக்கிறது. வாங்குகிறவர்தான் அதை ஏற்க மறுக்கிறார்.

ஏன் மறுக்கிறார்? உதவி வாங்குகிறவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். அந்தப் பெயரை ஏழைகளுக்கென்று அவர் ஒதுக்கிவைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை 2023இல் தொடங்கியபோதும், அதற்கு முன் 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோதும், "இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுக்கிறார்கள்" என்று கடல் கடந்தும் குரல்கள் வந்தன. அப்படிப் பேசியவர்களில் டேகேர் கணக்கில் முழுத் தொகையும் போட்டவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பேருந்துக் கட்டணத்தை அரசு ஏற்றால் அது சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்றால், வேலைக்குப் போகும் உங்கள் டேகேர் கட்டணத்தில் அரசு பங்கேற்பது எதை வளர்க்கிறது? இரண்டுமே ஒருவர் வேலைக்குப் போக வழி செய்யும் உதவிகள். ஒன்று இழிவு என்றால் மற்றதும் இழிவு. ஒன்று உரிமை என்றால் மற்றதும் உரிமை. இரண்டும் உரிமை என்பது என் கருத்து.

ஒரே அறையில் இரண்டு குழந்தைகள்

அடுத்து, இந்த உதவி யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். ஆளுக்கு 1,40,000 டாலர் சம்பாதிக்கும் தம்பதி ஒன்று. 2026 விதிகளின்படி அவர்களுடைய வருமானத்தின் மேல்பகுதிக்கு 24 சதவீத வருமான வரி; சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகள் சேர்ந்து 7.65 சதவீதம். 7,500 டாலரை டேகேர் கணக்கில் போட்டால் ஏறத்தாழ 2,370 டாலர் மிச்சம். சில மாநிலங்களில் மாநில வரியிலும் மிச்சமாகும்.

அவர்களுடைய குழந்தையைத் தூக்கி, கழுவி, பாலூட்டித் தூங்கவைக்கும் பெண்ணை இப்போது பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில், 2023 மே மாதத்தில் குழந்தைக் காப்பாளர்களின் இடைநிலைக் கூலி மணிக்கு 14 டாலர் 60 சென்ட். ஆண்டு முழுவதும் முழுநேரம் உழைத்தால் 30,000 டாலரைச் சற்றே தாண்டும். அவர் தனியாக ஒரு குழந்தையை வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிய டேகேர் நடத்துகிறவர் தன் ஊழியருக்கு இப்படியொரு கணக்கைத் திறந்துவைப்பது அரிது. திறந்தாலும், 30,000 டாலரில் 7,500ஐ முன்கூட்டியே பிடித்துவிட்டால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது? இந்தக் கணக்கு கொடுக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். முதலில் சம்பளத்தில் பிடிப்பார்கள், பிறகு நீங்கள் டேகேருக்குக் கட்ட வேண்டும், பிறகு ரசீது அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். அதுவரை பிடித்த தொகைக்கு மேல் ஒரு டாலரும் திரும்பாது. ஆண்டு முடிந்து, நிறுவனம் சலுகைக் காலம் ஏதும் கொடுத்திருந்தால் அதுவும் முடிந்து, மிஞ்சிய பணம் உங்களுடையதல்ல. அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும் என்றே தெரியாத ஒருவர் அடுத்த ஆண்டின் செலவை எப்படிக் கணித்து எழுதுவார்?

அவருக்கு வேறு வழி ஒன்று உண்டு. டேகேர் செலவுக்கான வரி வரவு. ஒரு குழந்தைக்கு 3,000 டாலர் வரையிலான செலவில் ஒரு பங்கை வரியில் கழித்துக்கொள்ளலாம். 2026இன் புது விகிதப்படி அவருடைய வருமானத்துக்கு 1,200 டாலருக்கு மேல் வரவு எழுதப்படும். ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு மேல் இது திருப்பித் தரப்படாது. அவர் கட்ட வேண்டிய மத்திய வருமான வரியே 600 டாலர் சொச்சம்தான். அதற்கு மேல் காகிதத்தில் எழுதியது காகிதத்தோடு நிற்கும். குறைந்த கூலிக்காரர்களுக்கு வேறு வரி வரவுகள் உண்டு, அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் டேகேர் செலவுக்கென்று வரிச் சட்டம் செய்யும் உதவியை மட்டும் எடுத்துப் பார்த்தால், மூன்று லட்சம் டாலரை நெருங்கும் வீட்டுக்கு 2,370. முப்பதாயிரம் டாலர் வீட்டுக்கு 600 சொச்சம்.

ஒரே டேகேரில், ஒரே அறையில், இந்த இரண்டு வீட்டுக் குழந்தைகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பால், ஒரே கவனிப்பு. தேவை கூடிய இடத்தில் உதவி குறைகிறது, தேவை குறைந்த இடத்தில் கூடுகிறது. சர்ரி இதைத்தான் தலைகீழ் மானியம் என்றார். பணக்காரருக்கு நான்கு பங்கும் ஏழைக்கு ஒரு பங்கும் கொடுக்கும் டேகேர் உதவித் திட்டம் என்று ஒரு மசோதாவை வெளிப்படையாகக் கொண்டுவந்தால் எந்த நாடாளுமன்றமும் வெட்கப்படும். வரிப் படிவத்துக்குள் வைத்தால் யாரும் வெட்கப்படுவதில்லை.

சட்டத்துக்கே இந்தச் சாய்வு தெரியும். நிறுவனத்தில் உயர் சம்பளக்காரர்கள் இந்தக் கணக்கின் வழியே சராசரியாகப் பெறுவதில் குறைந்தது 55 சதவீதமாவது மற்ற ஊழியர்கள் சராசரியாகப் பெற வேண்டும் என்று ஒரு சோதனை வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் அதில் தேறாமல், உயர் சம்பளக்காரர்கள் போடும் தொகையைக் குறைக்கின்றன. பாதிக்குச் சற்று மேல் போனாலே போதும் என்று வைத்த சோதனையில்கூடத் தேற முடியவில்லை என்றால், உதவி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நாடு தேர்ந்துகொண்ட வழி

இந்த ஏற்பாடு இயற்கையாக முளைத்ததல்ல. மனிதர்கள் தேர்ந்து எடுத்த முடிவு.

1939இல் ஸ்மித் என்ற தம்பதி அமெரிக்க வரி முறையீட்டு வாரியத்தின் முன் நின்றார்கள். மனைவி வேலைக்குப் போவதற்காகக் குழந்தையைப் பார்க்க ஆள் வைத்தோம், அந்தக் கூலி சம்பாதிப்பதற்கு ஆன செலவு, அதை வருமானத்தில் கழிக்க வேண்டும் என்றார்கள். வாரியம் மறுத்தது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது மனைவி வழக்கமாகக் கூலியில்லாமல் செய்வது. அது சொந்த விஷயம், தொழில் செலவு ஆகாது என்பது அதன் நிலை. வியாபாரி தன் வாடிக்கையாளரோடு உணவகத்தில் சாப்பிட்டால் அது தொழில் செலவு. இன்றைக்கும் அதில் பாதியைக் கழிக்கலாம். 2021, 2022 ஆண்டுகளில் முழுவதையும் கழிக்கலாம் என்று விட்டார்கள். ஆண்டுக்கு இத்தனை டாலர்தான் என்று அதற்கு வரம்பு இல்லை. ஒருவர் வேலைக்குப் போக விருந்து அவசியமா, பிள்ளையைப் பார்க்க ஆள் அவசியமா? ஆண்கள் செய்யும் செலவு தொழில் என்றும், பெண்கள் செய்துவந்த வேலைக்கு ஆகும் செலவு குடும்ப விஷயம் என்றும் பிரித்தது பழைய வழக்கம். 1954இல்தான் குழந்தையைப் பார்க்கும் செலவில் 600 டாலர் வரை கழிக்கச் சட்டம் இடம் கொடுத்தது.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது இதே நாடு வேறு விதமாகவும் நடந்துகாட்டியது. ஆண்கள் போருக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைக்கு வர வேண்டியிருந்தது. லான்ஹம் சட்டத்தின் பணத்தில் 1943 முதல் அரசே குழந்தைக் காப்பகங்களைத் திறந்தது. தாய்மார் நாளுக்கு 50 சென்ட் போலக் கட்டினார்கள். குடும்ப வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. போர் முடிந்தது, 1946இல் மத்திய அரசின் பணமும் நின்றது. கலிபோர்னியா தன் பணத்தில் காப்பகங்களைத் தொடர்ந்து நடத்தியது. ஆக, முடியாது என்பது பொய். வேண்டும்போது முடிந்தது.

மறுபடியும் ஒரு வாய்ப்பு 1971இல் வந்தது. நாடு முழுக்கக் குழந்தைக் காப்பகங்கள் அமைக்க, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்க, ஒரு மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. செனட்டில் அதை முன்னெடுத்தவர் வால்டர் மாண்டேல். டிசம்பர் 9 அன்று அதிபர் நிக்சன் அதை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். குடும்பத்தில் வளர்ப்பதை விட்டுக் கூட்டாக வளர்ப்பதற்கு அரசு தன் தார்மீக பலத்தைக் கொடுத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மறுநாள், டிசம்பர் 10 அன்று, அவர் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த வரிச் சட்டம் டேகேர் செலவுக்கு மாதம் 400 டாலர் வரை கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. பொதுக் காப்பகம் குடும்பத்தைக் கெடுக்கும் என்றவருக்கு, வசதியுள்ள குடும்பம் தன் பணத்தில் காப்பகத்துக்கு அனுப்பி வரியில் கழித்துக்கொள்வது குடும்பத்தைக் கெடுப்பதாகப் படவில்லை. எஃப்எஸ்ஏ 1981இன் சட்டத்தில் பிறந்தது. அது நடக்கும் பாதையை 1971இன் அந்த இரண்டு நாட்களே போட்டுவிட்டன.

கணக்கில் வராத கைகள்

இந்தக் கணக்கைப் பயன்படுத்த கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்க வேண்டும். ஒருவர் முழுநேர மாணவராகவோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவராகவோ இருந்தால் விதிவிலக்கு. வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்க்கும் மனைவிக்கு இதில் இடமில்லை.

இந்த விதி தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொடுகிறது. கணவர் ஹெச்-1பி விசாவில் போக, மனைவி ஹெச்-4 விசாவில் உடன் போகிறார். 2015 வரை ஹெச்-4இல் இருந்த பெண்ணுக்கு வேலை செய்ய அனுமதியே இல்லை. 2015இல் வந்த விதியும் பெரும்பாலும், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டிய குடும்பங்களுக்குத்தான் வழிவிட்டது. பொறியியல் படித்தவரும் மருத்துவம் படித்தவரும் அந்த அனுமதிக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் குழந்தை வளர்க்கிறார்கள். சம்பாதிக்காதே என்று ஒரு சட்டம் சொல்கிறது. சம்பாதிக்காததால் உன் வீட்டுக்கு இந்த உதவி இல்லை என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. அவர் செய்யும் வேலையை டேகேரில் வேறொரு பெண் செய்தால் கூலி உண்டு, வரிச் சலுகை உண்டு. சொந்த வீட்டில் செய்தால் அது வேலையே இல்லை.

ஊரிலிருந்து வரும் பாட்டியின் நிலை இன்னும் கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும். பிரசவத்துக்கென்று அம்மாவோ மாமியாரோ ஆறு மாத அனுமதியில் வருகிறார். அவர் திரும்பும்போது மற்றவரை வரவழைக்கிறோம். சுற்றுலா விசாவில் வந்தவர் கூலிக்கு வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். அதனால் எந்தக் கணக்கிலும் அவர் உழைப்பு வராது. சட்டத்தின் குற்றம் அது. நம் குற்றம் வேறு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை, குளிரும் பனியும் உள்ள ஊரில், தனியே வெளியே போக வழியில்லாத வீட்டில், காலையிலிருந்து இரவு வரை குழந்தையோடு வைத்துவிட்டு, "பேரப்பிள்ளையோடு இருப்பதைவிட அவருக்கு என்ன சந்தோஷம்?" என்கிறோம். சந்தோஷம் இருக்கலாம். அவரிடம் கேட்டோமா? பாசம் இருக்கிற இடத்தில் உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

தாய்மை, பாட்டியின் அன்பு என்று புனிதப்படுத்தும் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. புனிதம் என்று சொன்ன உடனே கூலி கேட்பது பாவமாகிவிடுகிறது, ஓய்வு கேட்பது குறையாகிவிடுகிறது. பெரியார் 'குடி அரசு' இதழ் நடத்திய காலத்திலேயே கர்ப்பத்தடையை ஆதரித்தார். மற்றவர்கள் உடல்நலத்தையும் வறுமையையும் காரணமாகச் சொன்னபோது, அவர் பெண்ணின் விடுதலையைக் காரணமாக வைத்தார். பிள்ளைப்பேறும் வளர்ப்பும் பெண்ணின் தலையிலேயே விழுந்து அவளைக் கட்டிப்போடுவதை அவர் பார்த்தார். டேகேர் வந்த பிறகும் அந்தச் சுமை மறையவில்லை. படித்த பெண்ணின் தலையிலிருந்து இறங்கி, மணிக்கு 14 டாலர் வாங்கும் பெண்ணின் தலைக்கோ, ஆறு மாத அனுமதியில் வந்த தாயின் தலைக்கோ மாறியிருக்கிறது. ஒரு பெண்ணின் விடுதலை இன்னொரு பெண்ணின் மலிவான உழைப்பில் நிற்கும் வரை அதை விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் வாங்கக் கூடாதா?

வாங்கலாம். வாங்க வேண்டும் என்றே சொல்வேன். நீங்கள் மறுத்தால் அந்த 2,370 டாலர் டேகேர் ஊழியருக்குப் போய்ச் சேராது. கஜானாவில் கலந்துவிடும். மறுப்பதால் உங்கள் மனசுக்குச் சுத்தமாக இருந்த உணர்வு கிடைக்கும், அவருக்கு ஒன்றும் கிடைக்காது. பலன் இல்லாத தூய்மை ஒரு சடங்கு. பகுத்தறிவாளருக்கு அது தேவையில்லை. வாங்கிய பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது.

முதல் கடமை, சட்டப்படி கூலி கொடுப்பது. வீட்டுக்கே ஆள் வைத்துக் குழந்தையைப் பார்க்கச் செய்கிறவர்கள் உண்டு. 2026 விதிப்படி, அப்படி ஒருவருக்கு ஆண்டில் 3,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் நீங்கள் முதலாளி. சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் உங்கள் பங்காக 7.65 சதவீதம் கட்ட வேண்டும், அவர் பங்கையும் கணக்கில் காட்ட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து முடித்துக்கொண்டால் உங்களுக்கு மிச்சம். ஆனால் அமெரிக்காவில் முதுமை ஓய்வூதியம் பெறச் சுமார் பத்து ஆண்டு உழைப்பு கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ரொக்கத்தில் கரைந்த ஆண்டுகள் அவருடைய முதுமையிலிருந்து கழிந்துபோகும். உங்கள் பிள்ளையின் முதல் மூன்று ஆண்டுகளைத் தாங்கியவரின் கடைசி இருபது ஆண்டுகளை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்றாகிவிடும்.

இரண்டாவது, மிச்சமானதில் ஒரு பங்கைக் குழந்தையைப் பார்க்கும் கைக்குக் கொடுப்பது. உதவி குழந்தை வளர்ப்புக்கென்று வந்தது. வளர்க்கிறவர் அதில் ஒரு காசும் பார்க்கவில்லை. ஆண்டின் இறுதியில் சேமித்த தொகையில் ஒரு பகுதியை ஊழியருக்குத் தர டேகேரின் விதிகள் இடம் கொடுத்தால் கொடுங்கள். இதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் பங்கு உண்டு என்பதை ஏற்பது இது.

மூன்றாவது, வீட்டில் உழைப்பவரை மதிப்பது. மனைவி வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்தால், குடும்ப வருமானத்தில் பாதி அவருடையது என்ற அளவில் வங்கிக் கணக்கும் சேமிப்பும் அவர் பெயரில் இருக்கட்டும். அம்மா வந்தால், எப்போது வருவது, எப்போது திரும்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது அவருக்கு ஓய்வு நாளாக இருக்கட்டும்.

நான்காவது, மிக முக்கியமானது, அரசு பணம் போட வேண்டும் என்று கேட்பது. தனிமனித நேர்மையால் இந்தக் கணக்கு சரியாகாது. ஏன் என்று பாருங்கள். மாசசூசெட்ஸில் ஏழு கைக்குழந்தைகளுக்கு இரண்டு காப்பாளர் வேண்டும் என்பது விதி. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், ஒரு காப்பாளருக்கு நேராக வரும் வரவு 70,000. அதில் வாடகை, காப்பீடு, உணவு, நிர்வாகம், உரிமக் கட்டணம் எல்லாம் போக வேண்டும். பெற்றோரால் இதற்கு மேல் கட்ட முடியாது. காப்பாளரால் இதற்குக் கீழே வாழ முடியாது. காப்பாளர்களைக் குறைத்தால் குழந்தைகளுக்கு ஆபத்து. இப்படி ஒரு கணக்கை எந்தச் சந்தையும் தீர்க்காது. மூன்றாவதாக ஒரு கை பணம் போட்டாக வேண்டும். அந்தக் கை அரசுதான். அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஜேனட் யெல்லன், சந்தை உடைந்து நிற்பதற்குப் பாடநூல் உதாரணம் இந்தத் துறை என்று 2021இல் சொன்னார்.

மறுப்புகளுக்கு மறுமொழி

"அதிகம் வரி கட்டுகிறவருக்கு அதிகம் மிச்சமாவது இயல்புதானே?" சம்பாதிக்க ஆகும் செலவுக்கு வரி போடக் கூடாது என்ற கொள்கை உங்களுக்கு இருந்தால், அது மதிக்கத்தக்க கொள்கை. அதை எல்லோருக்கும் வையுங்கள். நிறுவனம் இந்தக் கணக்கைத் திறக்காத ஊழியருக்கும், ஊபர் ஓட்டுகிறவருக்கும், வீடு வீடாகத் துப்புரவு செய்கிறவருக்கும் டேகேர் சம்பாதிக்க ஆகும் செலவுதான். அவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. ஒரு பகுதியினருக்கு மட்டும் பொருந்தும் கொள்கை ஒரு வசதி. நியாயம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

"ஏழைகளுக்குத் தனியே உதவித் திட்டம் இருக்கிறதே?" இருக்கிறது. 1990 முதல் மத்திய அரசு மாநிலங்களுக்குக் குழந்தைக் காப்புக்கென்று நிதி தருகிறது. ஆனால் மத்திய விதிப்படி தகுதியுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்குத்தான் அது எட்டுகிறது. மற்றவர்களுக்குப் பணம் இல்லை என்கிறார்கள். எஃப்எஸ்ஏ கேட்டவரிடம் "நிதி தீர்ந்துவிட்டது, அடுத்த ஆண்டு பாருங்கள்" என்று யாராவது சொன்னதுண்டா? வசதியுள்ளவருக்கான உதவி சட்டத்தால் உறுதி. வசதியில்லாதவருக்கான உதவி வரிசையில் காத்திருப்பு.

"பிள்ளை பெற்றவர்கள் வளர்க்கட்டும், பிள்ளையில்லாத நான் ஏன் கட்ட வேண்டும்?" ஆறு வயதுக் குழந்தையின் பள்ளிக்கு எல்லோரும் வரி கட்டுகிறார்கள், யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆறு வயதில் பொதுப்பொறுப்பாக இருக்கிற குழந்தை ஆறு மாதத்தில் சொந்தச் சரக்காக இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. வழக்கம் மட்டும் இருக்கிறது. நாளை உங்கள் முதுமைக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டப்போவது இன்று யாரோ ஒருவர் தூக்கி வளர்க்கும் குழந்தைகள்.

"அரசு வளர்த்தால் குடும்பம் சிதையும்." நிக்சன் சொன்னதற்கு அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியது. 2021இல் கனடா முழுவதும் நாளுக்கு 10 டாலர் என்ற இலக்கை அரசு ஏற்றது. அங்கே குடும்பங்கள் சிதைந்து தெருவில் நிற்கவில்லை; தாய்மார் வேலைக்குப் போனார்கள்.

அமெரிக்காவிலேயே வழி திறந்திருக்கிறது. கென்டக்கி மாநிலம் 2022இல், டேகேரில் வேலை செய்கிறவர்களின் சொந்தப் பிள்ளைகளுக்குக் காப்பகச் செலவை, அவர்களுடைய வருமானம் பாராமல், ஏற்கத் தொடங்கியது. பிறர் பிள்ளையைத் தூக்குகிறவர் தன் பிள்ளையை எங்கே விடுவார் என்ற எளிய கேள்விக்கு ஓர் அரசு பதில் சொன்னது. நியூ மெக்சிகோ இன்னும் மேலே போனது. எண்ணெய், எரிவாயு வருமானம் சேர்ந்த மாநில நிதியிலிருந்து ஒரு பங்கைக் குழந்தைகளுக்கு ஒதுக்க 2022இல் மக்களே வாக்களித்தார்கள். 2025 நவம்பர் 1 முதல், வருமான வரம்பை நீக்கி, எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டணமில்லாக் குழந்தைக் காப்பு என்று அந்த மாநிலம் அறிவித்து நடத்துகிறது. புதிதாகச் சேரும் ஊழியருக்கு மணிக்கு 18 டாலராவது தரும் காப்பகங்களுக்குக் கூடுதல் தொகையும் கொடுக்கிறது. பணம் பெற்றோரின் சம்பளச் சீட்டைச் சுற்றிக்கொண்டு போகாமல், குழந்தைக்கும் அதை வளர்க்கும் கைக்கும் நேரே போகிறது. அமெரிக்காவின் பணக்கார மாநிலங்களில் ஒன்றல்ல நியூ மெக்சிகோ. அங்கே முடிந்தது என்றால், மற்ற இடங்களில் முடியாமல் இருப்பதற்குக் காரணம் பணம் அல்ல, மனம்.

ஆகவே, டேகேர் கணக்கில் 7,500 டாலரைப் போடுங்கள். போட்ட பிறகு, யாருக்கும் எதையும் இலவசமாகத் தரக் கூடாது என்று பேசும் உரிமையை விட்டுவிடுங்கள். உங்கள் பகுதிப் பள்ளி வாரியத் தேர்தலோ, மாநில நிதிநிலை அறிக்கை மீதான பொது விசாரணையோ வரும்போது, குடியுரிமை உள்ளவர் வாக்கால் பேசட்டும், இல்லாதவர் வாயால் பேசட்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எனக்குக் கிடைத்தது, என் பிள்ளையைத் தூக்குகிறவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேடுகிறவர், தன் சலுகையைக் காப்பாற்ற மட்டும் போராட மாட்டார். அது எல்லோருக்கும் ஆகும் வரை போராடுவார். தனக்குக் கிடைத்தது நியாயம் என்று நம்புகிறவருக்கு வேறு வழி இல்லை.